வெட்டியெறிந்த ஓரம்

குப்பைக் கூடையில் கிடந்த படத்துண்டுகள் எல்லாமே முகம் மேலே தெரியும்படி கிடந்தன. ஒன்றுகூடக் கவிழ்ந்திருக்கவில்லை. கடைக்காரர் பார்த்துப் பார்த்துப் போட்டவரல்ல. வெட்ட வெட்ட அலட்சியமாக வீசியவர்.

அவர் பிழைப்பே அதுதான். நூறு வருடத்துக்கு முந்தைய உலகக் கண்காட்சிகளின் நினைவுப் படப் புத்தகங்களை வாங்கி, தையலைப் பிரித்து, பக்கம் பக்கமாகச் சட்டம் போட்டு விற்பார். கோபுரம், கண்ணாடி மண்டபம், ராட்டினம் எல்லாம் கையில் நிற்காமல் விலைபோகும். கப்பலில் கொண்டுவந்து மிருகங்களைப் போல வேலிக்குள் நிறுத்தி, டிக்கெட் வாங்கியவர்களுக்கு வேடிக்கைப் பொருளாக்கிய அயல்தேசத்து மனிதர்களைத்தான் யாரும் சீந்துவதில்லை. அவர்களை ஸ்கேல் வைத்து நறுக்கிவிடுவார். இன்று காலை ஒரு தாயும் மகளும். கோபுரம் கெடக் கூடாதே என்று, இருவரும் கோத்திருந்த கைகளின் மேலேயே கத்தியை இறக்கினார். தாய் கூடைக்குப் போனாள். கோபுரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்ட சிறுமியைச் சட்டத்தின் அட்டைக்குள் மறைத்தாகிவிட்டது.

"அப்பா, இந்த அம்மா யாரு?"

உள்ளறையிலிருந்து மகள். காய்ச்சலென்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் படுத்திருந்தாள்.

"எந்த அம்மா?"

"இங்க நிக்கிறாங்களே. அவங்க பொண்ணு எங்கன்னு கேக்குறாங்க."

"உளறாம தூங்கும்மா கண்ணு."

ஸ்கேலையும் கத்தியையும் மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். பழைய காகிதத்தின் புளித்த வாடை, பசையின் வாடை, அவற்றுக்கும் அடியில் ஈர மண்ணும் நனைந்த வைக்கோலும் கலந்து ஆட்டுப்பட்டி போல ஒரு வீச்சம், பட்டப்பகலில், சன்னல் திறந்திருக்கும்போதே, மெல்ல மெல்லக் கடையை நிறைத்தது. கூடைக்குள் குனிந்தார். மற்ற முகங்கள் எல்லாம் அவரையே பார்த்தன. தாயின் துண்டில் வேலி மட்டும் இருந்தது.

சட்டத்தைப் பிய்த்தார். சிறுமியை வெளியே எடுத்து, பசை தடவி, அந்த வெறும் வேலியோடு பொருத்தி அழுத்தினார்.

"சேத்துட்டேன் தாயே. இதோ உம் பொண்ணு. எம் பொண்ண விட்டுடு."

ஒட்டினால் ஆறுகிற கோபமல்ல அது. சிறுமியின் மணிக்கட்டில் வெட்டுக்கோடு அப்படியே தெரிந்தது.

மேசையில் ஸ்கேல் இல்லை. கத்தியும் இல்லை.

உள்ளே ஒரே இழுப்பு. சர்ரக்.

ஓடினார்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், அவரை நோக்கி ஒரு கையை நீட்டியபடி. மறுகையும் தோளும் கன்னமும் இருந்த இடத்தில் ஒரு நேர்க்கோடு. ரத்தமில்லை. காகித வெள்ளை.

"வலிக்கவே இல்லப்பா" என்றாள், இருந்த பாதி வாயால்.