இடதுபக்கம் திரும்பிய பஸ்

கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"தம்பி, வெளியில வா," என்றாள் மிளகு.

"வரமாட்டேன். நாளைக்குக் காலையிலதான் வருவேன்."

மிளகுக்குப் பதினொரு வயது. சின்ன உருவம், சுருக்கென்று பேசும் வாய். அதனால் அப்பா வைத்த செல்லப்பெயர் அது. அப்பா பஸ் டிரைவராக இருந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் உடம்பு சரியில்லாமல் படுத்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அப்போது தம்பிக்கு இரண்டு வயது.

ஒவ்வொரு வருஷமும் அப்பா இறந்த நாளன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கு ஒன்று அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தப்பா வருஷா வருஷம் அப்பாவின் குறட்டையைப் பற்றியே சொல்வார். அதே மாதிரி விட்டும் காட்டுவார். "சின்னவனுக்கு ஏழு வயசாச்சு. இந்தத் தடவை அவனும் சொல்லட்டும்," என்று நேற்று போனில் சொன்னவரும் அவர்தான். இன்று அந்த நாள்.

"எனக்கு அப்பாவைப் பத்தி ஒண்ணுமே ஞாபகம் இல்ல," என்றது கட்டிலுக்கு அடியில் இருந்த குரல்.

மிளகு தரையில் படுத்து எட்டிப் பார்த்தாள். தம்பியின் தலையில் ஒட்டடை. கண்ணில் தண்ணீர்.

"என்கிட்ட நிறைய இருக்குடா. ஒண்ணு தரேன். மழையில அப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டு ஸ்கூலுக்கு வந்தார்ல? அதை நீ எடுத்துக்கோ."

"அதுல நான் எங்க இருக்கேன்?"

"நீ வீட்டுல தூங்கிட்டு இருந்த."

"பாத்தியா," என்றான் தம்பி. கால்களும் உள்ளே போய்விட்டன.

மிளகு யோசித்தாள். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லியாயிற்று. அப்பா வீட்டில் இருந்ததைவிட பஸ்ஸில் இருந்த நேரம்தான் அதிகம். பஸ்ஸில் அப்பாவோடு ஒன்பது வருஷம் இருந்தவர் கண்டக்டர், விசில் மாமா.

"எழுந்து வா. மூஞ்சியைக் கழுவு. டிப்போவுக்குப் போறோம்."

டிப்போ இரண்டு தெரு தள்ளி இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். முற்றத்தில் பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஓய்வறை பெஞ்சில் விசில் மாமா ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"அட, வாங்க வாங்க," என்றவர் உடனே குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்குத்தானே? காலையிலேர்ந்து அவர் நெனப்புதான் எனக்கு."

"மாமா, அப்பாவைப் பத்தி எங்க யாருக்குமே தெரியாதது ஒண்ணு வேணும்," என்றாள் மிளகு. "தம்பிக்கு. அதுல இவனும் இருக்கணும்."

விசில் மாமா அப்படியே தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்த பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது.

"ஒண்ணு இருக்கு. உங்கம்மாகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார். ஆனா இவனே வந்து கேக்கும்போது சொல்லாம இருக்க முடியுமா?"

மிளகு சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐந்து வருஷமாக அப்பாவைப் பற்றிப் புதிதாக ஒன்றும் அவள் கேட்டதில்லை. தன்னிடம் இருந்ததெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

பக்கத்தில் தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். தானும் கேட்டுவிட்டால் சாயங்காலம் என்ன நடக்கும் என்று மிளகுக்குத் தெரியும். அவன் தொடங்குவதற்குள் தன் வாய் பாதியைச் சொல்லிவிடும்.

அவள் எழுந்தாள். "இவன்கிட்ட மட்டும் சொல்லுங்க மாமா. நான் வெளியில நிக்கிறேன்."

"நீயும் கேளேன்மா."

"இல்ல. இது அவனோடது."

முற்றத்தில் நின்றாள். உள்ளே மாமா சிரித்தார். பிறகு தம்பி சிரித்தான். யாரோ பெஞ்சைத் தட்டினார்கள். கால்கள் தாமாகவே கதவுப் பக்கம் நகர்ந்தன, பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நின்றிருந்த பஸ்களின் நம்பரை எல்லாம் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

தம்பி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வெளியே வந்தான்.

"சொல்லமாட்டேன்," என்றான்.

"நான் கேக்கவே இல்லையே," என்றாள் மிளகு. வீடு வரும் வரைக்கும் அவள் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் சித்தப்பா குறட்டை விட்டு முடித்தார். அம்மா சொன்னாள், மிளகு சொன்னாள். தம்பியின் முறை வந்ததும் சித்தப்பா, "தெரியலன்னா விட்டுடுடா கண்ணா," என்றார்.

தம்பி எழுந்து நின்றான்.

"நான் பொறந்த அன்னிக்கு அப்பா பஸ் ஓட்டிட்டு இருந்தார். ஒரு ஸ்டாப்புல நிக்கும்போது போன் வந்துச்சு, பையன் பொறந்திருக்கான்னு. அப்பா விசில் மாமாகிட்ட சொன்னார். பஸ்ஸை எடுத்தார். மார்க்கெட்டுக்கு வலதுபக்கம் திரும்பணும். அப்பா இடதுபக்கம் திரும்பிட்டார்."

"இடதுபக்கம் ஆஸ்பத்திரி ஆச்சேடா," என்றார் சித்தப்பா.

"ஆமா. மாமா விசில் ஊதுறார், ஊதுறார். அப்பா காதுலயே விழல. ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினப்புறம்தான் அவருக்கே தெரிஞ்சுது. பஸ் நிறைய ஆளுங்க. ஒரே சத்தம். மாமா விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் கப்சிப். அப்புறம் கூடை வெச்சிருந்த ஒரு அம்மா, 'வந்ததுதான் வந்துட்டீங்க, பிள்ளையைப் பாத்துட்டு வாங்க. நாங்க எங்க ஓடிடப் போறோம்'னு சொன்னாங்களாம்."

அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "லீவு போட்டுட்டு வந்தேன்னு சொன்னாரே."

"பொய்ம்மா. பஸ் வாசல்ல நின்னுட்டு இருந்துச்சு."

"ஆமா," என்றாள் அம்மா. "மூச்சு வாங்க ஓடி வந்தார். உன்னைக் கையில வாங்கி, மூக்கைத் தொட்டுப் பாத்துட்டு, உடனே திருப்பிக் கொடுத்துட்டு ஓடிட்டார். பச்சைப் பிள்ளையைத் தூக்க பயப்படறார்னு நெனச்சேன்டா இத்தனை வருஷமா."

"திரும்பி வந்து, 'மூக்கு என் மூக்கு'ன்னு பஸ் முழுக்கச் சொன்னாராம். எல்லாரும் கை தட்டினாங்களாம். ஒரு தாத்தா மட்டும் அங்கயே எறங்கிட்டார். 'பத்து வருஷமா இந்த பஸ்ல வரேன், இன்னிக்குத்தான் என் வீட்டு வாசல்லயே விட்டீங்க'ன்னாராம்."

அம்மா சிரித்தாள். இந்த நாளில் அம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். சித்தப்பா மேசையைத் தட்டிய தட்டலில் தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மிளகு கையை நீட்டித் தம்பியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், அப்பாவுடையதேதான்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள் அம்மா. "மொதல்லேர்ந்து. மெதுவா."

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ்ஸை மறுபடியும் கிளப்பினான்.