சுவரில் நிற்காத ஜெல்

காலையில் அழைப்புமணி அடித்தபோது கதவைத் திறந்தவர் டிரில் மாஸ்டர். வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்ததும், கதவை மறுபடி சாத்திவிடலாமா என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

அவள் பம்ப் ஆபரேட்டரின் அக்கா. தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் அந்த ஆபரேட்டரைத் திருடன் என்று மனு எழுதி, முதல் கையெழுத்தைத் தானே போட்டு, வீடு வீடாக ஏறி இறங்கி இன்னும் நாற்பத்தொரு கையெழுத்து வாங்கியவர் டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விசில் ஊதிய தொண்டை அவருடையது. எதையும் மெதுவாகச் சொல்லவும் வராது, யோசித்துச் சொல்லவும் வராது.

"சர்வேயரம்மாவைப் பார்க்கணும் சார்," என்றாள் அவள்.

சர்வேயரம்மா அவர் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கட்டடங்களை ஆராய்ந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்று பெயர்தான். யார் வீட்டில் எது கருகினாலும் இவளைத் தேடி வந்துவிடுவார்கள். அவருக்கும் உற்சாகம் தாங்காது. டார்ச்சையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் கிளம்பிவிடுவார்.

இன்று மட்டும் அவர் நாற்காலியின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வந்தவள் சொன்னாள். போன வாரம் மலைச்சரிவில் புல் பற்றிக்கொண்டது. தெருக்கோடியில் இருந்த ஏழு கட்டடங்களுக்கும் அவள் தம்பி வண்டியிலிருந்து ஜெல் அடித்தான். தண்ணீரோடு கலந்தால் பசை போலச் சுவரில் ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும் ஜெல் அது. ஆட்களை வெளியேறச் சொல்லிவிட்டு வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. ஆறு கட்டடங்கள் தப்பின. ஏழாவதான தையல்காரம்மாவின் மரக் கொட்டகை, ஆறு மெஷின்களோடு எரிந்து போனது. அந்தச் சுவரில் மட்டும் ஜெல் தண்ணீராக வழிந்திருந்தது.

"ஜெல்லைக் குறைச்சுக் கலந்துட்டு மிச்சக் கேனை வித்துட்டான்னு சொல்றாங்கம்மா. நாளைக்கு நாலு மணிக்கு விசாரணை. நிரூபணம் ஆனா வேலை போயிடும். அவன் யார்கிட்டயும் பேசறதே இல்ல." பிறகு டிரில் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "கடைசி வரைக்கும் நின்னு கொட்டகைக்குத் தண்ணி அடிச்சது நீங்கதானாமே சார். ஜெல் கெட்டியாத்தானே இருந்துச்சு?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் அடிக்க அடிக்க வழிஞ்சுதும்மா. கெட்டியா இருந்தா வழியுமா?"

"மனு கொடுத்தவரோட பெண்டாட்டி நான். நான் விசாரிச்சா ஊர் ஒத்துக்குமா?" என்றாள் சர்வேயரம்மா.

"நீங்க ஆள் பார்த்துப் பேச மாட்டீங்கன்னுதான் வந்தேன்."

மத்தியானம் கணவனும் மனைவியும் தெருக்கோடிக்குப் போனார்கள். தையல்காரம்மா சாம்பலைச் சலித்துப் பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டிரில் மாஸ்டரைப் பார்த்ததும் எழுந்து ஓடிப்போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். புதுச் சட்டை. இரவல் மெஷினில் தைத்தது.

"எல்லாரும் ஓடினப்போ நீங்க ஒருத்தர்தான் சார் நின்னீங்க. இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

அவருக்கு மனம் குளிர்ந்தது. அதே நேரம் காலையில் வந்தவளின் முகம் ஞாபகத்துக்கு வந்து உறுத்தியது. சட்டையை இடுக்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார்.

மூன்று சுவர்கள் விழுந்துவிட்டன. தெருப்பக்கத்துச் சுவர் மட்டும் கருகி நின்றது. அதிலும் கூரையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குப் பலகை கருகவில்லை. அதன்மேல் மெல்லிய தோல் போல ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சர்வேயரம்மா ஏணி கேட்டு வாங்கி ஏறி, கையிலிருந்த பாட்டில் தண்ணீரை அதன்மேல் தெளித்தாள். காய்ந்த தோல் ஊறி உப்பி, மறுபடி கெட்டி ஜெல்லானது.

"மேலே கெட்டி. கீழே ஒண்ணுமே இல்ல. ஒரே கலவை ஒரே சுவர்ல ரெண்டு விதமாவா இருக்கும்?" என்றாள்.

"மேலே அடிச்சு முடிக்கறப்பவே ஜெல் தீர்ந்திருக்கும். கீழே வெறும் தண்ணி அடிச்சிருப்பான்!" டிரில் மாஸ்டர் விடவில்லை.

"உங்க ஹோஸ் தண்ணி எவ்வளவு உயரத்துக்கு எட்டிச்சு?"

"அதோ, அந்தக் கருகாத பட்டைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும். அழுத்தம் போதலை."

அவள் இறங்கி, சுவரடியில் கல் தளத்தில் படிந்திருந்த வெள்ளைப் பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தாள்.

"இங்க குழாய் எங்கம்மா?"

"ரெண்டு இருக்குக்கா. ஒண்ணு குடிக்கற தண்ணி, வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வரும், பிடிச்சு வச்சுக்குவேன். இன்னொண்ணு போர்த் தண்ணி. உப்புன்னா அப்படி உப்பு. இஸ்திரிப் பெட்டியில ஊத்தினா ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும். ஹோஸ் எப்பவும் அதுலதான் கிடக்கும்."

நல்ல தண்ணீரைத் தரையில் ஊற்றினால் அந்தத் தெருவில் பெரிய சண்டையே வரும். டிரில் மாஸ்டரும் அதே தெருக்காரர்தான். அன்றைக்கு இரண்டு குழாயையும் பார்த்துவிட்டு, நெருப்புக்கு உப்பு என்ன, சர்க்கரை என்ன என்று ஹோஸைத் திறந்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் அது ஒரு விஷயமாகவே அப்போது படவில்லை.

சாயங்காலம் நிலையத்திலிருந்து ஒரு பாட்டில் ஜெல் வாங்கிவந்து, சமையலறை மேடையில் இரண்டு டம்ளரில் தண்ணீர் விட்டுக் கலந்தாள் சர்வேயரம்மா. இரண்டையும் கவிழ்த்தாள். எதிலிருந்தும் ஒரு சொட்டு விழவில்லை. பிறகு ஒரு டம்ளரில் குடிதண்ணீர் தெளித்தாள். ஜெல் அசையவில்லை. இன்னொன்றில் போர்த் தண்ணீரைத் தெளித்து, தெளித்து, தெளித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஜெல் நெகிழ்ந்து, குழைந்து, டம்ளருக்குள் கொழகொழத்த தண்ணீராகக் கிடந்தது.

"உப்பு பட்டா பிடிச்சு வச்ச தண்ணியை விட்டுடுது," என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளர்களைக் கழுவப் போட்டாள்.

டிரில் மாஸ்டருக்குக் காது இரண்டும் சுட்டன. அன்றைக்குக் கிளம்பச் சொல்லி அந்த ஆபரேட்டர் கெஞ்சியிருந்தான். "நாங்களே திரும்பி வந்து தெளிப்போம் சார்," என்றான். இவர்தான் கேட்கவில்லை. ஒளிந்திருந்து, வண்டி போனதும் வெளியே வந்து, இரண்டு மணி நேரம் வீரனாக நின்று, கொட்டகையைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரே பொருளைத் தன் கையாலேயே கழுவி இறக்கியிருக்கிறார். அதோடு விட்டாரா? அது வழிவதைப் பார்த்துவிட்டு ஒரு மனுஷனைத் திருடன் என்று எழுதினார். எழுதியதை வீடு வீடாகப் போய் உரக்கப் படித்தும் காட்டினார்.

அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார். எந்தக் குழாய் என்று யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பு ஒன்று வந்தது. அப்படி ஒரு நினைப்பு வந்ததே அவருக்கு அசிங்கமாக இருந்தது. மனைவியிடம் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தார். இரண்டு தடவையும் மின்விசிறி சத்தம் போடுகிறது என்று சொல்லி முடித்தார்.

மறுநாள் நாலு மணிக்கு நிலையத்தில் எல்லாரும் கூடினார்கள். அதிகாரி மேஜைக்குப் பின்னால் இருந்தார். பம்ப் ஆபரேட்டர் மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க, பக்கத்தில் அக்கா. எதிரில் தையல்காரம்மா, மனுவில் கையெழுத்துப் போட்ட பத்துப் பேர். டிரில் மாஸ்டரை எல்லாரும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

சர்வேயரம்மா எழுந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "கூரையடியில ஜெல் இன்னும் இருக்கு, ஊறினா கெட்டியாகுது. அப்போ கலவை சரி. அதைவிட முக்கியம், ஜெல்லே படாம வெறும் தண்ணி பட்ட சுவரா இருந்தா, வழிஞ்சது கொழகொழன்னு இருந்திருக்காது. தீ அணைஞ்சு திரும்பி வந்தப்போ கீழே வழிஞ்சதை மிதிச்சு வழுக்கி விழுந்ததா இங்க மூணு பேர் எழுதிக் கொடுத்திருக்கீங்க. ஆக, கீழேயும் ஜெல் அடிச்சிருக்கார். பின்னாடி வந்த ஏதோ ஒண்ணு அதைக் கரைச்சிருக்கு. தரையில உப்பு படிஞ்சிருக்கு. போர்த் தண்ணி எட்டின உயரம் வரைக்கும் ஜெல் போச்சு, எட்டாத இடத்துல நின்னுச்சு. கேன் எதுவும் திருடு போகல. இவர் மேல ஒரு தப்பும் இல்ல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அந்த உப்புத் தண்ணிக் குழாயைத் திறந்தது யாரும்மா?" என்றார் அதிகாரி.

சர்வேயரம்மா உட்கார்ந்தாள். பையைத் திறந்து எதையோ தேடினாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

டிரில் மாஸ்டர் எழுந்தார். அந்தத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவைதான் சத்தம் வந்தது. "நான்தான். உப்புத் தண்ணின்னு தெரிஞ்சேதான் திறந்தேன். இப்படி ஆகும்னு தெரியாது. கிளம்பச் சொன்னார், கேட்கல. தப்பெல்லாம் என்னுது. அந்த மனுல நான் எழுதினது அத்தனையும் பொய்."

பம்ப் ஆபரேட்டர் முதல் தடவையாக நிமிர்ந்தான்.

"ஏன் சார், எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

தையல்காரம்மா மெதுவாகச் சொன்னாள். "தண்ணி அடிச்சது நல்லதுக்குன்னு நினைச்சு அடிச்சீங்க சார், அதை நான் மறந்துடுவேன். இவரைத் திருடன்னு சொன்னீங்களே, அது யார் நல்லதுக்கு?"

வெளியே வந்து இருவரும் நடந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் எதிர்ச் சாரியில், இவரைப் பார்க்காத மாதிரி போனார்கள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் மனைவிக்குப் பின்னால் நடந்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்து ஏணியிலேர்ந்து இறங்கினப்பவே."

"நேத்தே சொல்லியிருக்கலாமே. ராத்திரி முழுக்க நான் பட்ட பாடு..."

"எல்லாத்தையும் கண்டுபிடிச்சேன். ஒண்ணே ஒண்ணுதான் புரியல," என்றாள் அவள், நிற்காமல். "அதிகாரி கேட்டதும் நீங்க எழுந்திருப்பீங்களா, மாட்டீங்களா. நாற்பது வருஷம் கூட இருந்தும் அது எனக்குத் தெரியலையேன்னு ராத்திரி நானும் தூங்கல."