ஹாரன் கழற்றிய கார்

சீட்டே இல்லாத இடத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. பெல்ட் போடச் சொல்லும் விளக்கு; போடாமல் வேகமெடுத்தால் 'பீங்' என்று கத்தவும் செய்யும். டர்போ மாட்டிய கையோடு, எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று பக்கத்து சீட்டு, பின் சீட்டு, ஸ்டெப்னி, கடைசியில் ஹாரன் வரைக்கும் தவசி கழற்றிப் போட்டிருந்தான். பெல்ட்டை மட்டும் விட்டுவைத்திருந்தான். ஒயர் கோளாறாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

திருச்சுழி ரோட்டில், சுருட்டுப் படையல் வாங்கும் உடைமரத்தடிக் கருப்பசாமிக்கு எதிரே, ராத்திரிப் பந்தயத்துக்கு இரண்டு கார்கள் உறுமிக்கொண்டு நின்றன. ஒரு கிலோமீட்டர் தள்ளி, நடுரோட்டில் டார்ச்சோடு தம்பி உதயகுமார். கார் நெருங்கும்போது ஓரமாக ஒதுங்கி, எவன் முந்தினான் என்று அவன்தான் சொல்ல வேண்டும். ஒதுங்கிவிடுவான் என்று தெரிந்தும் தவசி அந்த டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். தாயில்லாப் பிள்ளை, தூக்கி வளர்த்தவன் இவன்.

அடுத்த காரில் இருந்த வீரபத்திரன், இந்த ரோட்டில் லாரிக்காரர் முதல் மினிபஸ்காரர் வரை எல்லாரும் செய்வதுபோல, சாமிக்கு மூன்று தடவை ஹாரன் அடித்தான்.

"ஏலே தவசி, நீ அடிக்கலையா?"

"அதத்தான் கழட்டிட்டேன்ல."

"கிறுக்குப்பயலே! எறங்கியாச்சும் கும்பிட்டு வாலே."

"ஜெயிச்சுட்டு வந்து கும்பிடுறேன்."

கிளம்பினார்கள். டர்போவின் சீறலும் டயர் கருகும் நாற்றமும் ஜன்னல் வழியே அடித்த கரிசல் புழுதியும் ஒன்றாய்க் கலந்து வந்தபோது, அவற்றுக்கு நடுவே சுருட்டு வாசனை வந்தது. தவசி சுருட்டு பிடிப்பதில்லை. மூன்றாவது கியரில், நெல்மூட்டை ஏற்றினாற்போல வண்டி இடது பக்கம் அமுங்கியது.

பீங். பீங்.

வீரபத்திரனின் வெளிச்சம் பின்தங்கியது. தவசிக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். பெடல் எழும்பவில்லை. பிரேக்கை மிதித்தான். கல்லாய்க் கிடந்தது.

தூரத்தில் டார்ச் வெளிச்சம்.

"ஒதுங்குலே உதயா!"

ஒதுங்கவில்லை. ஸ்டியரிங்கின் நடுவில் அறைந்தான். குத்தினான். சத்தமில்லை.

பீங். பீங். பீங்.

பக்கத்தில், 'டக்'.

பீங் நின்றது. விளக்கு அணைந்தது.

திரும்பிப் பார்த்தான். பெல்ட் மாட்டியிருந்தது. வெறும் காற்றின்மேல், அகன்ற ஒரு மார்பின் அளவுக்குப் புடைத்து நின்றது. மெல்ல ஏறி இறங்கியது.

ஹெட்லைட்டில் உதயகுமாரின் முகம் தெரிந்தது. அவன் அண்ணனைப் பார்க்கவில்லை. அவன் கண் தவசிக்கு இடது பக்கம், சீட்டில்லாத இடத்தில் இருந்தது. டார்ச்சைத் தரையில் வைத்தான். நடுரோட்டில் நின்றபடியே, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.