அளவு எடுத்த வண்டி

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தோள் இருப்பதே சட்டை மாட்டத்தான். செத்தவனைத் தூக்க நாலு பேர் வேண்டுமென்றால் ஒருத்தனுக்கு முதுகுவலி, ஒருத்தனுக்குச் சட்டை அழுக்காகிவிடும், மூன்றாமவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருப்பான், நாலாமவன் தண்ணி போட்டுவிட்டு மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருப்பான். சுடுகாடு கூப்பிடு தூரம். அதற்கும் வண்டி.

இப்படித் திட்டிக்கொண்டேதான் குருநாதன் அந்தப் பிண வண்டியைக் கட்ட ஆரம்பித்தார். திட்டு வேறு, பிழைப்பு வேறு. அரியலூர் ரோட்டுப் பட்டறைகளில் முப்பது வருஷம் லாரிக்குப் பாடி கட்டிய கை. விக்கிரமங்கலத்துக்கு இந்தப் பக்கம், ரோட்டை ஒட்டி அவர் வீடு. பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தி, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டு, நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு தட்டு அடித்தார். அதோடு சரி. கண்ணில் புரை விழுந்தது. கழற்றிய இன்ஜின் கழற்றியபடி தரையில் கிடக்க, வண்டி இரண்டு வருஷமாக நின்றது. "பெருசு, உனக்கேவா கட்டுற?" என்று போகிற வருகிறவனெல்லாம் கேட்டான்.

ஆடிக் காற்றில்தான் முதலில் அதைக் கவனித்தார். மைன்ஸ் லாரிகள் கிளப்பும் சுண்ணாம்புப் புழுதி கொட்டகைக்குள் இறங்கி, ஸ்டியரிங், உடைந்த பக்கக் கண்ணாடிகள் வழியே வேனின் தரை, வெளியே கிடந்த இன்ஜின், ஆணியில் தொங்கிய அவருடைய வெல்டிங் கண்ணாடி என்று எல்லாவற்றின் மேலும் சலித்த மாவுபோல் படிந்திருந்தது. தட்டின் மேலும் படிந்திருந்தது, நடுப்பகுதியைத் தவிர. ஒரு தலை. இரண்டு தோள். அகலமான இடுப்பு. சேர்த்து வைத்த இரண்டு கால். அந்த வடிவத்துக்குள் மட்டும் தகரம் கழுவி வைத்ததுபோல் பளபளத்தது. யாரோ மல்லாந்து படுத்திருக்க, புழுதி அந்த ஆள் மேல் விழுந்ததே தவிரத் தகரத்துக்கு வரவில்லை என்பதுபோல.

துணியால் முழுவதையும் துடைத்தார். மறுநாள் புழுதி வந்திருந்தது. வடிவமும் வந்திருந்தது.

பூனை படுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். பூனைக்கு ஏது தோள்?

இந்தச் சித்திரையில், வேலையைத் திரும்பத் தொடங்கலாம் என்று தட்டின் நீளத்தைச் சரிபார்த்த மத்தியானம் நடந்தது நினைவுக்கு வந்தது. டேப்பில் உள்ள எண்ணை அவர் நம்பமாட்டார். படிக்கத் தெரியாததை எப்படி நம்புவது? ஆளைப் படுக்க வைத்துக் கோடு போட்டால் பொய் சொல்லாது. பொண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"சிந்தாமணி, இந்தா, இதுல கொஞ்சம் படு. நீளம் பாக்கணும்."

"ஏன், நீங்க படுக்கறது?"

"நான் படுத்தா கோடு யாரு போடுவா?"

"கட்டிக்கிட்டு வந்து நாப்பத்தஞ்சு வருசம். எனக்குன்னு ஒரு கட்டில் செஞ்சு குடுக்கத் துப்பில்ல. பொணத்தட்டுக்கு மட்டும் நானா?" என்று திட்டிக்கொண்டே ஏறிப் படுத்தாள். சேலையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். முந்திரிக் கொல்லையில் நடந்து நடந்து கரிசல் காடாக வெடித்த குதிகால்கள் தகரத்தில் 'டங்' என்று இடித்தன.

"நான் எழுந்திருன்னு சொல்ற வரைக்கும் அசையாத."

தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டார். அதற்குள் ரோட்டில் யாரோ பைக்கோடு விழுந்துவிட்டதாகச் சத்தம். போனார். போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார். சிந்தாமணி அடுப்படியில் நின்றிருந்தாள்.

"யாரு உன்ன எழுந்திரிக்கச் சொன்னது?" என்றார், சும்மா வாய்க்கு.

"சரிங்க" என்றாள் அவள்.

அன்று அது உறைக்கவில்லை. நாற்பத்தைந்து வருஷத்தில் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததே கிடையாது. ஒன்று சொன்னால் ஒன்பது சொல்பவள். அதற்குப் பிறகு சோற்றில் உப்பில்லை என்றாலும் சரிங்க. தூக்கத்தில் குறட்டை இல்லை. குதிகால் வெடிப்புக்கு ராத்திரிதோறும் அவள் தேய்க்கிற விளக்கெண்ணெயும் மஞ்சளும் கலந்த வாசம் வீட்டைவிட்டே போயிருந்தது. ஒரு நாள் தூக்கத்தில் அவள் கால் அவர் மேல் பட்டது. உப்புத்தாள் மாதிரி உரசும் கால். இப்போது அப்போதுதான் பிறந்த குழந்தையின் பாதம்போல் வழவழவென்று இருந்தது. ஈரச் சில்லிப்பு வேறு.

பெரம்பலூரில் இருக்கும் மகள் ஜெயசுதாவுக்குப் போன் போட்டார். "அம்மா இப்பத்தான்பா பொறுமையா இருக்காங்க. அதுவும் ஒங்களுக்குப் பொறுக்கலையா? மொதல்ல கண்ணக் காட்டுங்க" என்று வைத்துவிட்டாள்.

அந்தச் சிந்தாமணிதான் தினமும் இலை போடும்போது சொல்லத் தொடங்கினாள். "வண்டியக் குடுத்துடுங்க." முடிக்காமல் விற்கக் கூடாது, என் புருஷன் கையால் செய்தது என்று ரெண்டு வருஷம் சண்டை போட்டவள்.

ஜமால் முகமது வந்தார், லப்பைக்குடிக்காட்டில் பழைய வண்டி வாங்கி விற்பவர். வளைகுடாவில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர், வார்த்தையில் மரியாதை உண்டு. வண்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "இன்ஜின் இல்லாட்டி பரவால்ல பெரியவரே. பாடி கனமா இருக்கு. பந்தல் சாமான் ஏத்த ஆவும்." பின்கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில், சத்தம் வராமல், மெல்லச் சாத்தினார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் குரலைத் தாழ்த்தி. "உள்ள அம்மா படுத்திருக்காங்க. அசந்து தூங்குறாங்க. எழுந்திரிக்கட்டும், அப்பறம் பாக்குறேன்."

அதே நேரத்தில் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, கையில் டீ டம்ளரோடு சிந்தாமணி வந்தாள்.

ஜமால் அவளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "அப்ப உள்ள இருக்கறது தங்கச்சிங்களா? அச்சு அசலா ஒங்கள மாதிரியே இருக்காங்க."

"எனக்குத் தங்கச்சி கெடையாதுங்க. டீ ஆறுது, குடிங்க."

கதவை மறுபடி திறந்தார்கள். வெறும் தட்டு. ஜமால் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டார். டீயைத் தொடவில்லை. "வெயிலு. கண்ணுக்குள்ள பூந்துடுச்சு" என்றார்.

"நாளைக்கே எடுத்துக்குங்க. அவரு குடுத்துடுவாரு" என்றாள் சிந்தாமணி.

"டிராக்டர் அனுப்புறேன் பெரியவரே. நான் வரல."

அன்று முழுக்க அவருக்கு வேறு நினைப்பில்லை. உள்ளே கிடப்பது அவளென்றால் வண்டியைக் கொடுக்கக் கூடாது. உள்ளே கிடப்பது வேறென்றால் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. எவனையும் நம்பாமலே எழுபத்தொரு வயது ஓட்டிவிட்டார். இப்போது இரண்டில் ஒன்றை நம்பியாக வேண்டும்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவன் ராஜராஜன், காதில் ஏதோ செருகிக்கொண்டு பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே சங்கிலியை மாட்டினான். மைன்ஸில் வெடி வைக்கும் முன் ஊதும் சங்கு ஊதியது. ஊரில் கோழிகூட நடமாடவில்லை. "சுத்தியல எடுத்துக்கறேன்" என்று குருநாதன் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினார்.

வெளியே அனல். உள்ளே, தகரத்துக்குள், கிணற்றடிக் குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சிக்குள் மெல்ல மெல்ல, அடுப்பில் காய்வதுபோல், ஒரு வாசம் எழுந்து வந்தது. விளக்கெண்ணெய். மஞ்சள்.

கீழே பார்த்தார். முதலில் குதிகால்கள். வெடிப்பு வெடிப்பாக. வெடிப்புக்குள் வெள்ளைப் புழுதி. கணுக்கால் வரை இழுத்துவிட்ட சேலை. அதற்குமேல் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

"எழுந்திருன்னு ஒரு வார்த்த" என்றது அவளுடைய பழைய குரல், அதே எரிச்சலோடு. "அதச் சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா? மூணு மாசமா முதுகு வலிக்குது."

வாயைத் திறந்தார். சொல் தொண்டை வரை வந்தது.

அங்கேயே நின்றது. கதவைத் திறக்கச் சொல்கிறவன் எல்லாம் சொந்தக்காரன் குரலில்தான் கூப்பிடுவான். பிணத்தட்டில் கிடப்பதை எழுந்திரு என்று சொல்லி, அது எழுந்துவிட்டால்? எழுவது அவளாக இல்லாவிட்டால்?

"யார்கிட்ட பேசுறீங்க?"

பின்னாலிருந்து. மணிக்கட்டில் வழவழப்பான விரல்கள். சில்லென்று. திரும்பிவிட்டு மறுபடி தட்டைப் பார்த்தார். இரண்டு சாக்பீஸ் கோடு. வேறொன்றுமில்லை.

"எறங்குங்க. நேரமாவுது."

இறங்கினார். சுத்தியலை எடுக்க மறந்துபோயிருந்தது. கதவைச் சாத்தியது அவர் கையா, அவள் கையா, தெரியவில்லை. டிராக்டர் உறுமியது. சங்கிலி விறைத்தது. இரண்டு வருஷம் மண்ணில் ஊன்றி நின்ற சக்கரங்கள் முனகிக்கொண்டு உருண்டன. வண்டி கொட்டகையைத் தாண்டி வெயிலுக்கு வந்தது.

பின்பக்கக் கண்ணாடி அவரைப் பார்த்தபடி போயிற்று.

கண்ணாடியில் இரண்டு பாதம்.

உள்ளிருந்து. கண்ணாடியை உந்திக்கொண்டு. விரல்கள் விரிந்து.

வெடித்த பாதம்.

"சிந்தாமணி!" என்று கத்தினார்.

"சொல்லுங்க" என்றது காதருகே.

டங். வண்டிக்குள்ளிருந்து. டங். டங்.

டிராக்டர்க்காரன் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனான். ரோட்டில் ஏறினான். ஒரே ஒரு வார்த்தை. இப்போது சொன்னாலும் கேட்கும் தூரம்தான். இப்போதும். இன்னும். வார்த்தை நாக்கில் புழுதிபோல் அப்பிக்கிடந்தது. எவளிடம் சொல்வது?

தரை அதிர்ந்தது. மைன்ஸில் வெடி. வெள்ளைப் புழுதி எழும்பி ரோட்டை மறைத்தது. மறைந்த பிறகும் டங் டங் என்று கேட்டது.

குருநாதன் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். மணிக்கட்டில் அந்தக் கை. கூடவே வந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை.

"சரிங்க" என்றாள் அவள்.

அவர் நம்பவில்லை. நடந்தார்.