வலைக்கு விளக்கு

காலை ஏழு மணி. மீன் ஏலக்கூடத்தின் ஈரத்தரையில் படகுக்காரர்கள் வட்டமாக நின்றார்கள். நடுவில், கடலாமைகளைக் காக்கும் சங்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா. அவர் காலடியில் ஒரு பெட்டி. அதற்குள் வலையில் கட்டும் பச்சை விளக்குகள்.

“இருட்டுல ஆமைக்கு வலை தெரியாது. விளக்கு இருந்தா விலகிப் போயிடும்,” என்றார் அக்கா. “செலவு எங்க சங்கத்தோடது. யார் வலையில ஆமை மாட்டுது?”

“ஆமையா? எங்க வலையிலயா?” என்றார் மீசை மாமா. “நான் ஆமையைப் படத்துலதான் மேடம் பார்த்திருக்கேன்!”

“நானும்தான்.”

“நானும்.”

சுண்டெலியின் அப்பா முறை வந்தது. “இல்லைங்க,” என்றார், தரையைப் பார்த்தபடி.

பக்கத்தில் இருந்த சுண்டெலிக்குச் சும்மா நிற்க முடியவில்லை. அவர் மகளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினாள். சட்டைப் பொத்தானைத் திருகினாள்.

போன வாரம் அப்பாவின் வலையில் வந்த ஆமை மூச்சு விடவே இல்லை. அன்று அப்பா சாப்பிடவில்லை. நேற்று இன்னொன்று. அதற்கு உயிர் இருந்தது. அதை விடுவிக்க அப்பா வலையையே அறுத்தார். சாயங்காலம் முழுக்க அவள் வலையைப் பிடித்துக்கொள்ள, அவர் ஓட்டையைத் தைத்தார்.

அப்பாவின் கையை இழுத்தாள். “ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?”

“சும்மா இரு. மாட்டுதுன்னு சொன்னா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்களாம்.”

“யார் சொன்னா?”

“எல்லாரும்தான்.”

அக்கா பெட்டியை மூடினார். ஒரு கொக்கியை மாட்டினார். அடுத்ததை மாட்டுவதற்குள் சுண்டெலி ஓடிப் போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா?”

“கீழ இறங்கிக் கேளு.”

“இறங்கினா நீங்க போயிடுவீங்க. ஆமை மாட்டுதுன்னு ஒருத்தர் சொன்னா அவரோட லைசென்ஸைப் பிடுங்குவீங்களா?”

அக்கா சிரித்துவிட்டார். “அவருக்கு விளக்கு கொடுக்கத்தானே வந்தேன்! மாட்டவே மாட்டாதுங்கிறவங்களுக்கு விளக்கு எதுக்கு?”

சுண்டெலி அப்பாவைப் பார்த்தாள். சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

“என் வலையில மாட்டுதுங்க. போன வாரம் ஒண்ணு செத்துப்போச்சு.”

சுண்டெலி பெட்டியிலிருந்து குதித்தாள். அக்கா அதைத் திறந்தார். அப்பா இரண்டு கைகளையும் நீட்டி விளக்குகளை வாங்கினார்.

மீசை மாமா மெல்ல நகர்ந்து சுண்டெலி பக்கம் வந்தார். குனிந்தார்.

“ஏம்மா, எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருதுன்னு சொன்னா அந்த அக்கா நம்புவாங்களா?”