இரண்டு கை சேறு

எனக்குக் கார்டு ஜெயராமனைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த வசந்தா ரொம்ப நல்ல பெண் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

செஞ்சிக் கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர். ஊருக்குப் பின்னால் ஒரு மலை. போன வருஷம் வரைக்கும் அது எங்கள் மலை. அம்மா அங்கேதான் சுள்ளி பொறுக்குவாள். சீத்தாப்பழக் காலத்தில் பழம் பறித்துச் செஞ்சிக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோவாள். திடீரென்று ஒருநாள் முள்கம்பி வேலி வந்தது. கேட் வந்தது. ‘பாதுகாக்கப்பட்ட காடு. உள்ளே நுழையக் கூடாது’ என்று பலகை வந்தது. கடைசியாகக் காக்கிச் சட்டையோடு கார்டு ஜெயராமன் வந்தார்.

வந்த முதல் வாரமே அம்மாவின் தலையிலிருந்த சுள்ளிக் கட்டை இறக்கச் சொன்னார்.

“காஞ்ச சுள்ளிதானே ஐயா. பச்சையில நாங்க கை வெக்கவே மாட்டோம்” என்றாள் அம்மா.

“காஞ்சதும் காட்டோடதுதாம்மா. எடுக்கக் கூடாது.”

“அப்படின்னா மலைய நீங்களே வெச்சிக்கினு காப்பாத்துங்க.”

அம்மா விருட்டென்று திரும்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து ஊரில் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எங்கள் ஊருக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்.

இந்தக் கோடையில் குரங்குகள் ஊருக்குள் இறங்கின. குடத்தை உருட்டின, பானையைக் கவிழ்த்தன. சாயங்காலமானால் தூங்குவதற்கு மட்டும் மலைக்குத் திரும்பின. பொறுத்துப் பார்த்த ஊர்க்காரர்கள், குரங்கு பிடிக்கிறவரை வரச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வருகிறார் என்று பேச்சு.

“புடிச்சி இன்னா பண்ணுவாங்க நைனா?”

“கூண்டுல போட்டு எங்கனா தொலைவா கொண்டும்போயி வுட்டுடுவாங்க.”

“குட்டியையுமா?”

“தாய் ஒரு கூண்டுல, குட்டி ஒரு கூண்டுலன்னு ஆனாலும் ஆவும்” என்றார் நைனா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் ஒரு தாய்க்குரங்கு எங்கள் வாசலுக்கு வந்தது. வயிற்றில் குட்டி தொங்கியது. பக்கத்தில் சட்டி நிறையக் கூழ் இருந்தும் அது திரும்பிப் பார்க்கவில்லை. கவிழ்த்துவைத்த குடத்தின் ஈரத்தை நக்கியது. நான் மெதுவாக ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றித் தள்ளிவைத்தேன். தலையைத் தூக்காமல் குடித்தது, பாவம்.

பசி இல்லை, தாகம். ஆனால் மலையில்தான் சுனை இருக்கிறதே. எந்தக் கோடையிலும் வற்றாத சுனையாயிற்றே.

வேலிக்கு ஓடினேன். உள்ளே கார்டு ஜெயராமன் ஒரு கழியின் இரண்டு முனையிலும் குடம் கட்டித் தோளில் சுமந்துகொண்டு மலையேறிக்கொண்டிருந்தார். தோள் வீங்கிச் சிவந்திருந்தது.

“யாருக்கு சார் தண்ணி?”

“சுனை வத்திப் போச்சு பாப்பா. மயிலும் முயலும் தவிக்குது. தினம் ஊத்தறேன். ரெண்டு குடம் எந்த மூலைக்கு?”

என் கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

“அது எப்படி சார் வத்தும்? ரெண்டு கை எடுக்கலையா?”

“எதை?”

“சேறு சார். சுனையில தண்ணி குடிக்கப் போனா மொதல்ல ரெண்டு கை சேறு இல்லன்னா சருகு அள்ளி வெளிய போடணும். கலங்கினது தெளியற வரைக்கும் ஒக்காந்து கதை பேசணும். அப்புறந்தான் குடிக்கணும். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான். இல்லன்னா ஊத்துக்கண்ணு அடைச்சிக்கும்.”

அவர் குடங்களை இறக்கிவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

“ஒரு சருகைக்கூட அசைக்கக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. நானும் அசைக்கலை. சுனைக்குள்ள விழுந்ததையும்தான்” என்றார்.

“எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்.”

“உங்க அம்மா அவ்வளவு கோவமா போனாங்களே. எந்த முகத்தை வெச்சிக்கிட்டுக் கேட்கிறது?”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவுரு வேலி போட்ட மலை. அவுரே பாத்துக்கட்டும்.”

“அம்மா, குரங்குக்கு ரோஷம் இல்லம்மா. தாகந்தான் இருக்குது.”

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு எழுந்து மண்வெட்டியைத் தேடினாள். அப்புறம் வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் பதினோரு பேர் கூடையோடு கேட்டுக்கு முன்னால் நின்றோம். கார்டு ஜெயராமன் பூட்டைத் திறந்தார்.

“வாரத்துக்கு ஒரு நாள் ஊர்ச்சனம் சுனைக்கு வரணும்னு ஆபீசருக்கு எழுதிப் போட்டிருக்கேன். பதில் வர்றதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துடும். நீங்க வாங்க.”

“தெறந்து வுட்டதுக்கு உங்களத் திட்டுவாங்களா சார்?”

“திட்டினா வாங்கிக்கறேன் பாப்பா.”

மீதிக் கோபமும் போய்விட்டது.

ஏறும்போது வழியெல்லாம் என் இடுப்பு உயரத்துக்குத் துளிர்த்து நின்ற கன்றுகளைப் பார்த்தேன். போன வருஷம் அங்கே வெறும் மொட்டைக் குச்சிகள்தான் இருந்தன. அம்மா ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

“நம்ம ஆடுங்க இதுங்களத் தல தூக்க வுட்டதே இல்ல. வேலி போட்டது நல்லதுக்குத்தான்” என்றாள். உடனே, “பாதி” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

“இன்னொரு பாதியை நான் கெடுத்துட்டேன்” என்றார் கார்டு.

“நாங்களும்தான் சொல்லாம இருந்துட்டோம்” என்றாள் அம்மா.

சுனைப் பள்ளம் நிறையக் கறுப்புச் சேறு. பொழுது சாயும்வரை வெட்டினோம், வாரினோம், கூடை கூடையாகக் கைமாற்றினோம். கொண்டுவந்த தண்ணீர் மத்தியானமே தீர்ந்துவிட்டது. கடைசியில் பாறை இடுக்கில் ஊற்றுக் கசிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் சேர்ந்து தெளிந்தது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்டியிட்டுக் கையைக் குவித்தேன்.

அப்போது மேலே பார்த்தேன். பாறைமேல் குரங்குக் கூட்டம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. குட்டியை அணைத்தபடி அந்தத் தாயும் இருந்தது. எல்லாம் தண்ணீரையே பார்த்தன.

“நாம நின்னுக்கினு இருந்தா அதுங்க எறங்காதும்மா” என்று எழுந்துவிட்டேன்.

அம்மா காய்ந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு கூடையை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். கார்டும் கிளம்பினார். எங்களில் ஒருவர்கூட ஒரு வாய் குடிக்கவில்லை. கொஞ்சம் இறங்கியதும், பின்னால் சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கார்டு மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை குரங்கு பிடிக்கிறவர் இரண்டு கூண்டுகளோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் வந்தார். உச்சிவெயில்வரை காத்திருந்தார். ஒரு வால்கூடத் தென்படவில்லை. பொழுது போகாமல் பழத்தையெல்லாம் அவரே தின்று முடித்தார்.

“எங்கே பாப்பா உங்க ஊர்க் குரங்குங்க?” என்று என்னைக் கேட்டார்.

“அதுங்க வீட்டுக்குப் போயிடுச்சிங்க” என்றேன்.