பெல்ட்டில் ஓடிய விமானம்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கை எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு பொருளைத் தொட்டுப் பார்ப்பது கிடையாது. புரட்டிப் பார்ப்பது கிடையாது. கைப்பேசியில் எவனோ ஒருவன் சொன்னால் போதும், அதை அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்தவன் தலையை உருட்ட வந்துவிடுகிறார்கள்.

எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு நின்றுபோனதே அப்படித்தான்.

நான் பார்சல் கிடங்கில் பெல்ட் பார்க்கிறவன். பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுவது இல்லை. கிடங்கு நீளத்துக்கு ரப்பர் பாய் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கோடியில் பெட்டியை வைத்தால் அந்தக் கோடியில் கொண்டுபோய் இறக்கும். முப்பத்தொரு வருஷமாக அதற்கு எண்ணெய் போடுவதும், கிழிந்தால் ஒட்டுவதும் நான்தான். தம்பி அதே கிடங்கில் வேன் ஓட்டுகிறான்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், எடை போடுகிறவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"விமானம் ஓடுற பாதையே ஒரு பெரிய பெல்ட்டா இருக்குதாம். விமானம் முன்னால ஓடுது, பெல்ட் அதே வேகத்துல பின்னால ஓடுது. விமானம் மேலே கிளம்புமா, கிளம்பாதா?"

"கிளம்பாது. நின்ன இடத்துலயே சக்கரம் சுத்திக்கிட்டு இருக்கும்," என்றேன்.

"கிளம்பும்ணே," என்றான் தம்பி.

"வேன் ஓட்டுறவன் எனக்கு பெல்ட்டைப் பத்திச் சொல்லித் தர்றியா?"

"முப்பது வருஷமா பெல்ட்டையே குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்தா, வானம் எப்படித் தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். எடை போடுகிறவருக்குக் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டது, அவ்வளவு சிரிப்பு. நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அன்றோடு சரி. ஆறு வாரம் ஆயிற்று. இருப்பது ஒரே வீடு. மாடியில் தம்பியும் அவன் மகள் குடும்பமும், கீழே நான் ஒண்டி ஆள். படியில் எதிரே வந்தால் அவன் சுவரைப் பார்ப்பான், நான் செருப்பைப் பார்ப்பேன்.

அப்புறம் ஒரு சேதி வந்தது. தம்பியின் மகளுக்கு வேறு ஊரில் வேலையாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டைக் காலி செய்கிறார்களாம். தம்பியும் வேலையை விட்டுவிட்டுப் போகிறானாம். இதை எனக்குச் சொன்னது தம்பி இல்லை, முடி வெட்டுகிறவர். அதுவும் பாதித் தலை வெட்டியிருக்கும்போது சொன்னார். எழுந்து போகவும் முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் தம்பியின் பேத்தி கீழே வந்தாள். வயது ஒன்பது. ஆள் சுண்டுவிரல் அளவுதான், அதனால் சுண்டு என்று கூப்பிடுவோம்.

"பெரிய தாத்தா, நாங்க ஞாயித்துக்கிழமை போறோம்."

"முடி வெட்டுறவரு சொன்னாரு."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்காமலே போயிடப் போறோமா?"

"உன் தாத்தாவைப் போய்க் கேளு."

"கேட்டேன். உன் பெரிய தாத்தாவைக் கேளுன்னு சொல்றாரு."

படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் விரட்டிவிட்டிருப்பேன்.

"அந்த விமானம் கிளம்பாதுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"அப்போ காட்டுங்க. விமானம் நான் செஞ்சு தர்றேன். பெல்ட் உங்ககிட்ட இருக்கு."

"செஞ்சு கொண்டா. கூடவே உன் தாத்தாவையும் கூட்டிட்டு வா. அவன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும்."

சனிக்கிழமை மதியம் பெல்ட்டைத் துடைப்பதற்காக நிறுத்துவோம். சுண்டு மேற்பார்வையாளரிடம் தானே போய் அனுமதி வாங்கியிருந்தாள். பெல்ட்டைச் சுற்றித் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்று மட்டும் அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

விமானத்துக்குத் தெர்மகோல் இறக்கை. பழைய பொம்மையிலிருந்து பிடுங்கிய குட்டி மோட்டார், மூக்கில் ஒரு காற்றாடி. சட்டைப் பொத்தான்கள்தான் சக்கரம். வாலில் நீளமாக ஒரு நூல்.

"தாத்தா, காற்றாடியைப் போட்டு விமானத்தை பெல்ட்ல வைங்க. அப்புறம் தள்ளி நின்னு நூலைப் பிடிச்சுக்குங்க. விமானம் முன்னால இழுக்கும். பெரிய தாத்தா பெல்ட்டைப் பின்னால ஓட்டுவாரு. பெரிய தாத்தா சொல்றது சரின்னா, விமானம் பெல்ட்டோட பின்னால வந்துடும், நூல் தொங்கிடும். சரியா?"

"அதுதான் நடக்கப் போகுது," என்றேன், சுண்டுவைப் பார்த்து.

தம்பி பின்கோடியில் நூலோடு நின்றான். நான் முன்கோடியில் சுவிட்ச் மேல் கை வைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் கிடங்கில் ஒரு விதி உண்டு. சுவிட்ச்சில் இருப்பவர் "கை?" என்று கேட்க வேண்டும். எதிர்க்கோடியில் இருப்பவர் கையை எடுத்துவிட்டு "விலகிச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பெல்ட் ஓடும். சைகை செல்லாது. மூன்றாவது ஆள் சொன்னாலும் செல்லாது. ஒருவருக்கு இரண்டு விரல் போன பிறகு, சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்தான்.

சுண்டுவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருட்டுக் கழுதை! எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறது.

"பேட்டரி தீர்ந்துடும் பெரிய தாத்தா," என்றாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"கை?" என்றேன்.

தம்பி வாயைத் திறந்தான். மூடினான். கனைத்துக்கொண்டான்.

"விலகிச்சுண்ணே."

விதியில் 'அண்ணே' கிடையாது.

பெல்ட்டை ஓட்டினேன். பொத்தான் சக்கரங்கள் பேய் பிடித்த மாதிரி சுற்றின. ஆனால் விமானம் பின்னால் போகவில்லை. நூல் தொங்கவில்லை, விறைப்பாகவே நின்றது. வேகத்தைக் கூட்டினேன். சக்கரம் கீச்சென்று கத்தியதே தவிர, நூல் அசைந்து கொடுக்கவில்லை.

"இப்போ விட்டுடுங்க தாத்தா!"

தம்பி நூலை விட்டான். விமானம் முன்னால் ஓடியது. குதித்தது. பெல்ட்டை விட்டு எழும்பி, நேரே வந்து என் தொப்பியைக் கீழே தட்டிவிட்டு, பெட்டிக் குவியலில் மூக்கைக் குத்திக்கொண்டது.

நான் பெல்ட்டை நிறுத்தினேன்.

"வேன் சக்கரத்தால தரையைத் தள்ளிப் போகுது. விமானம் காத்தைத் தள்ளிப் போகுது. அதோட சக்கரம் சும்மா உருளத்தான். காத்து உங்க பெல்ட்ல இல்லையே, பெரிய தாத்தா," என்றாள் சுண்டு.

"பெல்ட் தளர்ந்து கிடக்கு."

"நேத்துதானே இறுக்கினே?" என்றான் தம்பி. குனிந்து என் தொப்பியை எடுத்துத் தட்டினான். ஆனால் கொடுக்கவில்லை. "ஊருக்குப் போறதைச் சொல்லணும்னுதாண்ணே இருந்தேன். நீ படியில நிமிர்ந்தே பார்க்கல."

"முடி வெட்டுறவர்கிட்டச் சொல்ல மட்டும் நேரம் இருந்துச்சு."

"அவரு கேட்டாரு. நீ கேட்கல."

தொப்பியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றேன்.

"காலையில ஆறு."

"உன் பெரிய அலமாரி படியில திரும்பாது. கொண்டு வந்தப்பவே சுவரைப் பேர்த்துச்சு. அதோட கதவைக் கழட்டணும். அஞ்சு மணிக்குத் திருப்புளியோட வர்றேன். தூங்கித் தொலைக்காதே."

"சரிண்ணே."

சுண்டுவின் முகம் முழுக்கப் பல்.

"அப்போ, விமானம் கிளம்பும்னு ஒத்துக்கிறீங்களா பெரிய தாத்தா?"

"போடி! நீ காட்டினது தெர்மகோலு. ஊதினாலே பறக்கும். நிஜ விமானத்தைக் கொண்டு வா, பார்க்கலாம்."

தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன். பின்னால் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிக்கட்டும். முப்பத்தொரு வருஷம் பெல்ட் பார்த்தவன் நான். கிளம்பாது என்றால் கிளம்பாது.